மகன் ஓயாமல் கண் சிமிட்டுகிறான், வேண்டுமென்றே செய்கிறானா?

எட்டு வயது மகன் ஓயாமல் கண்ணைச் சிமிட்டுகிறான், தொண்டையைச் செருமுகிறான், பள்ளியில் ஒன்றுமில்லை என்று ஆசிரியர் சொல்கிறார், வீட்டுக்கு வந்தால்தான் ஆரம்பிக்கிறான், அப்படியென்றால் வேண்டுமென்றேதானே செய்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. அதே வார்த்தையை என் மகன் முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான்.

இந்நேரம் நீங்கள் நாலு தடவை அதட்டியிருப்பீர்கள், ஐபேடைப் பிடுங்கி வைத்திருப்பீர்கள். வீட்டுப் பெரியவர்கள் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் இதெல்லாம் நடந்தது.

என் மகனுக்கு ஏழு வயதில் கண் சிமிட்டல் வந்தது. கண்ணைச் சோதித்தோம், பார்வையில் கோளாறு இல்லை. சில வாரங்களில் தானாக நின்றது. நிம்மதியாக மூச்சுவிடுவதற்குள் செருமல் தொடங்கியது. அப்புறம் வலது தோள் வெடுக் வெடுக்கென்று தூக்கிப் போட்டது.

ரயிலில் எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில் செங்காங்கிலிருந்து தேக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவன் செருமச் செரும ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து வேறு பெட்டிக்கே போய்விட்டார். எனக்கு அவமானம். அவன் கையை இறுக்கிப் பிடித்து, "நிறுத்துடா" என்றேன். நிறுத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, லிட்டில் இந்தியா நிலையம் வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். மின்படியில் கால் வைத்ததும் மொத்தமாக வந்தது. தோள் பத்துப் பதினைந்து முறை தூக்கியடித்தது, கூடவே செருமல். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியா, அடக்க முடியுதுல்ல? அப்ப வேணும்னுதானே செய்யுற?"

பாலிகிளினிக் என்ற அரசு மருந்தகத்தில் கடிதம் வாங்கி நிபுணரைப் பார்க்கச் சில மாதங்கள் ஆயின. அந்த டாக்டர் என்னிடம் கொஞ்சம்தான் கேட்டார். அவனைப் பார்த்து, "தோள் அசையறதுக்கு முன்னாடி உனக்கு எப்படி இருக்கும்?" என்றார். அவன் யோசித்துவிட்டு, "தும்மல் வர்ற மாதிரி இருக்கும். ஆனா மூக்குல இல்ல, தோள்ல" என்றான். இது தொடங்கி இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதை நான் கேட்டதே இல்லை.

இதற்கு டிக் என்று பெயர். பல அசைவு டிக்குகளும் குறைந்தது ஒரு ஒலி டிக்கும் 18 வயதுக்கு முன் தொடங்கி, ஓராண்டுக்கு மேல் வந்து வந்து போனால் டூரெட் சிண்ட்ரோம் என்பார்கள். 1885இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் பெயர் அது. மூளையின் ஆழத்தில் எந்த அசைவை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் பகுதியில் உள்ள கோளாறு என்று எங்கள் டாக்டர் விளக்கினார். எங்கள் உறவினர் ஒருவர் சாதித்ததுபோல இது வலிப்பு இல்லை. கெட்ட வார்த்தை பேசும் நோய் என்று படத்தில் காட்டுவார்கள், அது சுமார் பத்தில் ஒருவருக்குத்தான் வரும்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: தும்மலைப் போல இதையும் கொஞ்ச நேரம் அடக்கலாம், ஒழிக்க முடியாது. பள்ளியில் ஆறு மணி நேரம் அடக்கிவிட்டு, பயமில்லாத இடத்தில் வந்து விடுகிறான். அந்த இடம் உங்கள் வீடு. பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டினால் கூடத்தான் செய்யும். நாங்கள் வாயை மூடிக்கொண்ட பிறகுதான் வீட்டில் குறைந்தது.

நான் டாக்டர் இல்லை. கண் சிமிட்டுகிற பிள்ளைக்கெல்லாம் டூரெட் என்றும் சொல்லவில்லை, பலருக்கு ஒரு வருடத்துக்குள் போய்விடும். எங்களுக்குப் பயிற்சிதான் உதவியது. உந்துதல் வந்ததும் முழங்கையை இடுப்போடு அழுத்தி, அது தணியும்வரை அப்படியே இருப்பான். 2010இல் அமெரிக்காவில் 126 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், இந்த மாதிரிப் பயிற்சி பெற்றவர்களில் பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. மருந்தும் உண்டு, சில பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டியிருக்கும். நான் மருந்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

பெரும்பாலும் 10 முதல் 12 வயதில்தான் உச்சத்துக்குப் போகும். நம் ஊரில் அது சரியாகப் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நேரம். தேர்வுக்குச் சிறப்பு ஏற்பாடு கேட்டுப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம், முன்கூட்டியே பேசுங்கள். தமிழ் வாய்மொழிப் பயிற்சியில் என் மகனிடம் "செருமாமல் பேசு" என்றார்கள்.

இப்போது உயர்நிலைப் பள்ளியில் முதலாம் ஆண்டில் இருக்கிறான். தோள் எப்போதாவது அசையும். பந்தாட்டத்தில் கோல்காவலர். டூரெட் உள்ள அமெரிக்க கோல்காவலர் டிம் ஹோவர்ட் 2014 உலகக் கிண்ணத்தில் பெல்ஜியத்துக்கு எதிராகப் பந்துகளைத் தடுத்த காணொளியை எத்தனை முறை பார்த்திருப்பானோ.

டாக்டரிடம் போகும்போது கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அவர் அறையில் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆனால் பிள்ளையிடம் சொல்லிவிட்டு எடுங்கள். நான் கதவு இடுக்கில் நின்று திருட்டுத்தனமாக எடுத்தேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டான்.