டாட்டூ குத்திக்கொள்வது நம் பண்பாட்டுக்கு எதிரானதா? வீட்டில் அப்படிச் சொல்லித் தடுக்கிறார்கள்

எதிரானது என்று சொல்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பழைய ஆட்களின் கைகளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. நீங்கள் இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருப்பீர்கள், எதிர்ப்பது அப்பாவோ பெரியப்பாவோ என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம். என் அப்பத்தாவின் வலது முன்கையில் பச்சை குத்திய கோலம், அதற்குக் கீழே ஒரு தேள். இடது கையில் மலேயாவுக்குக் கப்பலேறிப் போன அண்ணன் பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் அந்தப் பெயரை மட்டும் விரலால் தொட்டு எழுத்து எழுத்தாகச் சொல்வார். குத்தியவர் ஊர் ஊராக வந்த குறவர் பெண். மஞ்சளையும் அகத்திக்கீரையையும் துணியில் வைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படிகிற கரியைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்துவார்களாம். வலி தெரியாமலிருக்கப் பாட்டும் உண்டு. கூலி நெல்லும் பழைய சேலையும். "செத்தா நகைநட்டைக் கழட்டிக்கிருவாக. இது ஒண்ணுதான் கூட வரும்" என்பார் அப்பத்தா.

பெரியப்பா மகன் கல்யாணம் மதுரையில் பெரிய மண்டபத்தில் நடந்தது. சம்பந்தி வீட்டார் வசதியானவர்கள். முழுக்கை ரவிக்கை ஒன்று தைத்து வந்து, "ஆத்தா, இதைப் போட்டுக்க, கை தெரிய வேணாம்" என்று பெரியப்பா கொடுத்தார். அந்த வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் முந்தானையையும் இழுத்து மூடிக்கொண்டுதான் அப்பத்தா போட்டோவுக்கு நின்றார். எனக்கு இன்றும் அந்த ஆல்பத்தைத் திறக்கப் பிடிக்காது. பச்சை இருந்தால் களையெடுத்த கை என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான் பெரியப்பாவின் பயம். பண்பாடு என்ற பேச்செல்லாம் பிறகு வந்தது. அந்தக் கை களையெடுத்த காசில்தான் அவர் படித்தார்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பத்தா காலமானதும் கருமாதிச் செலவில் மகள்களிடம் சரிபங்கு வாங்கினார்கள். கண்மாய்க்கரை நிலத்தைப் பிரிக்கும்போது மட்டும் அத்தைமார்களைக் கூப்பிடவே இல்லை. கேட்டதற்கு, "கட்டிக்குடுத்த பிள்ளைகளுக்கு எதுக்கு?" என்றார்கள். மகள்களுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாகிவிட்டது, 2005-ல் நாடு முழுக்கவும் வந்துவிட்டது. எங்கள் அத்தைமார் இன்னும் வாய் திறக்கவில்லை.

அப்பத்தா போன பிறகு அவர் கையிலிருந்த அதே கோலத்தை என் முன்கையில் குத்திக்கொண்டேன். நான் பள்ளி ஆசிரியை. அரைக்கை ரவிக்கையோடுதான் வகுப்புக்குப் போகிறேன்.

எல்லாரும் குத்திக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பழையது என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது என்பதும் தெரியும். விருப்பமில்லாத சிறுமிகளைப் பிடித்து உட்காரவைத்துக் குத்தியதும் நடந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது மறுத்தவர்களும் இருந்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. உடம்பு அவரவருடையது. எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான்: பாட்டிமார் கையில் இருந்தபோது மறைக்கச் சொன்னவர்களே இப்போது அதை வெளிநாட்டு மோகம் என்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ராணுவத்தில் சேரும் எண்ணம் இருந்தால் முன்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் குத்தாதீர்கள், தேர்வில் சிக்கலாகும். ஊசியை உங்கள் கண்ணெதிரே புதிதாகப் பிரிக்கச் சொல்லுங்கள், மையையும் புதுக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமி பரவும் என்பதால் இதில் கூச்சப்படவே கூடாது. ரத்ததானம் செய்கிறவர் என்றால் குத்திய பிறகு ஓராண்டுக்கு வாங்க மாட்டார்கள், அதனால் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிட்டுப் போய்க் குத்திக்கொள்ளுங்கள்.