பூத்து முடிந்த ஆர்க்கிட் செடிகளைச் சீர்செய்தல்: கேள்வி பதில்

கேள்வி: என் ஃபெலனாப்சிஸ் செடியில் கடைசிப் பூவும் உதிர்ந்துவிட்டது. ஆனால் பூந்தண்டு பச்சையாகவே நிற்கிறது. அதை அடியோடு வெட்டிவிடலாமா?

பதில்: செடியின் வலுவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இலைகள் விறைப்பாகவும் வேர்கள் திடமாகவும் இருந்தால், தண்டின் அடியிலிருந்து எண்ணி இரண்டாவது அல்லது மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம். அந்தக் கணுவில் உறங்கும் மொட்டு கிளைத்து, சில மாதங்களில் மீண்டும் பூக்க வாய்ப்புண்டு. ஆயினும் அப்பூக்கள் எண்ணிக்கையில் குறைவாகவும் அளவில் சிறியனவாகவுமே பெரும்பாலும் இருக்கும். இலைகள் தொய்ந்திருந்தால் இந்த ஆசையை விட்டுவிட்டு, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் நிற்கும்படி அடியில் வெட்டி, செடி தன் சக்தியை இலைக்கும் வேருக்கும் செலவிட விடுவதே நல்லது. பழுப்பேறிக் காய்ந்த தண்டை எந்தத் தயக்கமுமின்றி நீக்கலாம். ஃபெலனாப்சிஸ் பெல்லினா, கார்னு செர்வி போன்ற இயற்கை இனங்கள் மட்டும் விலக்கு: அவை ஒரே தண்டில் திரும்பத் திரும்பப் பூப்பவை என்பதால், பச்சை இருக்கும்வரை அந்தத் தண்டைத் தொடவே கூடாது.

கேள்வி: டென்ட்ரோபியத்தின் பழைய தண்டுகள் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கின்றன. பார்க்க அழகாக இல்லை. எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நீரையும் உணவையும் சேமித்து வைத்துப் புதிய முளைக்கு ஊட்டுபவை அந்தத் தண்டுகள்தாம். பல வகைகளில் இலையற்ற பழைய தண்டிலும் பூ வரும். டென்ட்ரோபியம் நோபைல் இனமோ பெரும்பாலும் அத்தகைய தண்டுகளிலேயே பூக்கிறது. முழுவதும் வற்றிப் பழுப்பாகி, அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும் தண்டை மட்டும் வெட்டுங்கள். செடியைச் சுத்தமாக வைக்கும் ஆர்வத்தில் அதன் சேமிப்பையே வெட்டி எறிந்தவர்கள்தாம், அடுத்த பருவத்தில் ஏன் பூக்கவில்லை என்று கேட்கிறார்கள்.

கேள்வி: பாஃபியோபெடிலத்தில் ஒருமுறை பூத்த முளை (ஓர் அடியிலிருந்து வளரும் இலைக்கொத்து) மறுபடி பூக்காது என்கிறார்கள். அப்படியானால் அதை நீக்கலாமா?

பதில்: பூக்காது என்பது உண்மை. ஆனால் அதன் இலைகள் பக்கத்தில் வரும் புதிய முளையை வளர்த்துக்கொண்டிருக்கும். பூந்தண்டை மட்டும் வெட்டிவிட்டு, இலைகள் தாமாகப் பழுக்கும்வரை காத்திருங்கள்.

கேள்வி: கேட்லியாவின் குமிழ்த்தண்டுகளை, அதாவது நீரைச் சேமிக்கும் தடித்த தண்டுகளை, சுற்றியுள்ள காய்ந்த உறைகளை உரிக்க வேண்டுமா?

பதில்: உரிப்பது நல்லது, ஏனெனில் செதில் பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும் ஒளிந்து பெருகுவது அவற்றின் அடியில்தான். காகிதம்போல் நன்றாகக் காய்ந்தவற்றைச் சற்று நனைத்து, மேலிருந்து கீழாக மெதுவாக உரியுங்கள். பச்சை உறையை இழுத்தால் அதன் மறைவில் இருக்கும் முளைமொட்டு சிதைந்துவிடும்.

கேள்வி: கத்தரிக்கோலைத் தண்ணீரில் கழுவினால் போதாதா?

பதில்: போதவே போதாது, இந்தப் பணியில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி இதுதான். சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடன்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸ் ஆகிய இரண்டும் வெட்டும் கருவியில் ஒட்டிய சாற்றின் வழியாக ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுகின்றன. தாக்கப்பட்ட செடிக்கு மருந்து கிடையாது; நோய்க்குறி வெளியே தெரியாமலேயே அது பல ஆண்டுகள் வாழவும் கூடும் என்பதால், நலமாகத் தோன்றும் செடியையும் நம்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு செடிக்கும் இடையே கத்தியின் முனையைத் தீச்சுடரில் நன்கு காய்ச்சி ஆறவிடுங்கள், அல்லது செடிக்கு ஒன்றாகப் புதிய சவரத் தகட்டைப் பயன்படுத்துங்கள். ஆல்கஹாலால் துடைப்பதை மட்டும் நம்பி வைரஸை ஒழித்துவிட்டதாக எண்ணக் கூடாது. இலைகளைத் துடைக்கும் துணிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கேள்வி: வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைத் தூள் தடவலாமா?

பதில்: தண்டு, இலைகளின் வெட்டுவாயில் சிறிது தடவலாம். வேரில் படக் கூடாது, அது வேரை உலர்த்திவிடும்.

கேள்வி: தொட்டிக்கு வெளியே நீண்டு தொங்கும் வேர்களையும் சேர்த்து வெட்டிவிடட்டுமா?

பதில்: உலர்ந்த நிலையில் வெள்ளியைப் போலவும் நனைந்ததும் பச்சையாகவும் தெரியும் வேர்கள் உயிருள்ளவை, அவற்றை விட்டுவிடுங்கள். விரலால் அழுத்தும்போது குழைந்து, மேலுறை கழன்று நடுவில் நார் மட்டும் மிஞ்சும் வேர்களை வெட்டலாம். தொட்டியில் நிரப்பியுள்ள மரப்பட்டைத் துண்டுகள் மக்கிப் பொடிந்திருந்தால் தொட்டி மாற்றவும் இதுவே ஏற்ற தருணம். பூ முடிந்தபின், புதிய வேர்முனைகள் தலைகாட்டத் தொடங்கும்போது மாற்றினால் செடி விரைவில் ஊன்றிக்கொள்ளும்.