நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர்

கேள்வி: நடிகர்களை நட்சத்திரம் என்கிறோம். ஓட்டலுக்கும் நட்சத்திரம் கொடுக்கிறோம். விளம்பரத்திலும் எழுத்தின் தலைமேல் ஒரு குட்டி நட்சத்திரக் குறி (*) வருகிறது. ஒரே சொல்லை இத்தனை இடத்தில் புழங்கலாமா? சினிமாக்காரர்களுக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது?

பதில்: சினிமா பிறக்கும் முன்பே ஆங்கில நாடக மேடையில் முன்னணி நடிகர்களை அப்படித்தான் அழைத்தார்கள். சினிமா அதை இரவல் வாங்கிக்கொண்டது. ஆரம்பத்தில் அமெரிக்கப் படக் கம்பெனிகள் நடிகர்களின் பெயரை வெளியிடவே இல்லை. பெயர் பரவினால் சம்பளத்தை ஏற்றிக் கேட்பார்கள் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்ற நடிகையை ரசிகர்கள் 'பயோகிராஃப் பெண்' என்று கம்பெனிப் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் கண்டார்கள். அவர் கார்ல் லேம்லேயின் கம்பெனிக்கு மாறிய பிறகு, விபத்தில் இறந்துவிட்டார் என்று ஒரு புரளி. அது பச்சைப் பொய் என்று 1910-இல் லேம்லே பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். முதல் சினிமா நட்சத்திரம் என்று பலரும் சொல்வது இந்த லாரன்ஸைத்தான்.

இது போதும். என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் சொன்ன அந்தக் குட்டி நட்சத்திரம். அலெக்சாந்திரியா நகரத்துப் புலவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் கவி ஹோமரின் ஏட்டோரத்தில் அதைப் போட்டார்கள். 'இந்த வரி வேறு இடத்திலும் வருகிறது, கவனி' என்று படிப்பவருக்குச் சொல்வதற்காக. மூன்றாம் நூற்றாண்டில் ஆரிஜென் என்ற கிறித்தவ அறிஞர் விவிலியத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பை எபிரேய மூலத்தோடு ஒப்பிட்டபோது, மூலத்தில் இருந்து மொழிபெயர்ப்பில் விடுபட்டவற்றைச் சேர்த்து, சேர்த்த இடத்தில் இதே குறியைப் போட்டார். ஒளிவுமறைவு கூடாது என்பதற்காகவே பிறந்த குறி இது.

இன்று அதை வைத்து என்ன செய்கிறார்கள்? 'முற்றிலும் இலவசம்' என்று கட்டைவிரல் பருமனில் அச்சடிக்கிறார்கள். கடைசி எழுத்தின் தலைமேல் ஒரு நட்சத்திரம். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. தொலைக்காட்சியில் அந்த வரி கண்ணில் படுவதற்குள் ஓடிவிடுகிறது. இலவசம் என்ற சொல் எந்த அளவில் இருக்கிறதோ, நிபந்தனையும் அதே அளவில் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

ஓட்டல் கணக்கு பெரும்பாலான நாடுகளில் ஐந்தோடு முடிகிறது. ஏழு நட்சத்திரம் என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. வானத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. எரிநட்சத்திரம் என்பது பெரும்பாலும் மணல் பருமனே உள்ள துகள், காற்றில் உரசி எரிகிறது. வால் நட்சத்திரம் பனிக்கட்டியும் தூசியும். நட்சத்திர மீன் மீனே இல்லை. அதற்கு மூளையும் கிடையாது, ரத்தமும் கிடையாது. ஆனால் நிஜமான நட்சத்திரமான சூரியனை அந்தப் பெயரால் யாரும் கூப்பிடுவதில்லை.

சரி, நிஜ நட்சத்திரம் எதனால் ஆனது? அதைக் கண்டுபிடித்தவர் பெயரைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். சிசிலியா பெய்ன். இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து முடித்தும், பெண் என்பதால் அங்கே பட்டம் தரவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1948-இல்தான். 1923-இல் அமெரிக்கா போனார். ஹார்வர்ட் வானாய்வகத்தில் நட்சத்திர ஒளியைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒளி ஒரு பட்டையாக விரிந்து, நடுநடுவே கருங்கோடுகள். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. சூரிய ஒளியில் இரும்பு, கால்சியக் கோடுகள் அழுத்தமாகத் தெரிவதால், சூரியனும் பூமியும் ஏறக்குறைய ஒரே சரக்கு என்றுதான் பெரியவர்கள் நம்பியிருந்தார்கள். நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1920-இல் ஒரு சமன்பாடு தந்திருந்தார். ஒரு கோடு எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்பது பொருளின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, வெப்பத்தையும் பொறுத்தது என்பது அதிலிருந்து தெரியவந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பெய்ன் கணக்குப் போட்டார். இரும்பு போன்ற உலோகங்களைவிட ஹைட்ரஜன் ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு அதிகம் என்று விடை வந்தது.

வயது 25கூட ஆகவில்லை. ஆய்வேடு பிரின்ஸ்டனில் இருந்த ஹென்றி நாரிஸ் ரசலின் பார்வைக்குப் போனது. அன்றைய வானியலில் அவர் வைத்ததுதான் சட்டம். இது நடக்கவே முடியாது என்று அவர் எழுதிவிட்டார். அதனால் 1925-இல் வெளிவந்த ஆய்வேட்டில், இந்த அளவு ஏறக்குறைய நிச்சயமாக உண்மையல்ல என்று தன் விடைக்கு எதிராகப் பெய்னே ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து ரசல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். கட்டுரையில் பெய்ன் பெயரையும் சொன்னார், மறுக்கவில்லை. ஆனாலும் வெகுகாலம் பெருமை ரசலுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு வரிக்காக ரசல் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

ஹார்வர்டில் பெய்ன் எடுத்த பாடங்கள் 1945 வரை பாடப் பட்டியலில்கூட இல்லை. முழுப் பேராசிரியர் ஆனது 1956-இல். சாஹா சமன்பாட்டை வைத்து அவர் ஒவ்வொரு கோடாக எப்படிக் கணக்கிட்டார் என்பதை எழுத இங்கே இடமில்லை. அதை ஒரு கேள்வியாக அனுப்புங்கள், அடுத்த இதழில் முழுப் பக்கமும் அதற்குத்தான்.