வாக்குச்சீட்டால் வந்ததா அந்தச் சர்வாதிகாரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட ஜெர்மனியைப் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. ஹிட்லர் புரட்சி செய்தோ ராணுவத்தை ஏவியோ ஆட்சியைப் பிடிக்கவில்லை. முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிமீது சுமத்தப்பட்ட வெர்சாய் உடன்படிக்கையும் பணவீக்கமும் தந்த துயரத்தில், பெரும்பான்மை ஜெர்மானியர்கள் வாக்களித்தே அவரை அமர்த்தினார்கள். அப்படியென்றால் ஜனநாயகம் தன்னைத் தானே அழித்துக்கொண்டது என்றுதானே கொள்ளவேண்டும்? அதைத் தடுப்பதற்கான வழி அந்நாட்டின் அரசியலமைப்பில் இருக்கவே இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொல்வது பரவலாக நம்பப்படுவதுதான். ஆனால் சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் நாஜிக் கட்சி பெரும்பான்மை பெற்றதில்லை. 1932 ஜூலை 31 தேர்தலில் பெற்ற 37.3 சதவீதமே அதன் உச்சம். அதே ஆண்டு நவம்பர் 6 அன்று நடந்த அடுத்த தேர்தலில் அது 33.1 சதவீதமாக இறங்கியது. ஏறத்தாழ இருபது லட்சம் வாக்குகள் போய், 230 இடங்கள் 196 ஆயின. அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த அதிபர் தேர்தலிலும் ஹிட்லர், அப்போதைய அதிபர் ஹிண்டன்பர்க்கிடம் தோற்றிருந்தார். எனவே 1933 ஜனவரி 30 அன்று அவர் சான்சலராக, அதாவது அமைச்சரவையின் தலைவராக, பதவியேற்றபோது, அவரது கட்சி சரிவில் இருந்தது. மக்கள் விலகத் தொடங்கிய நேரத்தில் அவரை உள்ளே அழைத்தவர்கள் யார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி என்று நினைக்கிறேன்.

பணவீக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது உச்சத்தை அடைந்தது 1923-இல். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1928 மே மாதத் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 2.6 சதவீத வாக்குகளும் 12 இடங்களும்தான். வெர்சாயின் கசப்பு அப்போதும் இருந்தது. நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு அழிந்த காயமும் ஆறியிருக்கவில்லை. ஆனாலும் குடியரசு நின்றது. அதை உலுக்கியது 1929-க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சி. 1932-இன் தொடக்கத்தில் பதிவுபெற்ற வேலையற்றோர் மட்டும் அறுபது லட்சம் பேர்.

ஆயினும் வேலையின்மை ஒரு அரசைத் தானாகவே சர்வாதிகாரமாக்கிவிடுவதில்லை. அதே வீழ்ச்சியைச் சந்தித்த பல நாடுகளில் நாடாளுமன்றங்கள் தாக்குப்பிடித்தன. ஜெர்மனியில் என்ன நடந்தது என்று அறிய, ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால், 1930 மார்ச் மாதத்துக்குச் செல்லவேண்டும்.

அப்போது சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஹெர்மன் முல்லர் தலைமையில் ஐந்து கட்சிகளின் கூட்டணி ஆட்சி செய்துகொண்டிருந்தது. வேலையில்லாதோர் காப்பீட்டு நிதி வறண்டுபோனதால், அதற்கான சந்தாவை ஊதியத்தின் மூன்றரை சதவீதத்திலிருந்து நான்காக உயர்த்துவதா என்று தகராறு எழுந்தது. தொழிலதிபர்களின் பக்கம் நின்ற கட்சி மறுத்தது. கடைசியில் முன்வைக்கப்பட்ட சமரசத்தைத் தொழிற்சங்கங்களின் அழுத்தத்தால் சமூக ஜனநாயகர்களே நிராகரித்தார்கள். மார்ச் 27 அன்று முல்லர் விலகினார். பெரும்பான்மையைக் கைவசம் வைத்திருந்த கட்சிகள் ஒரு அரை சதவீதத்துக்காக அதைக் கைநழுவவிட்டன என்பது எப்போது வாசித்தாலும் என்னை வருத்தும் செய்தி. ஆனால் அவர்கள்மீது மட்டும் பழிபோடுவதும் நியாயமாகாது. அதிபர் ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்தவர்கள், குறிப்பாக ராணுவ அமைச்சகத்தின் குர்ட் ஃபான் ஷ்லைஷர், சமூக ஜனநாயகர்கள் இல்லாத, நாடாளுமன்றத்தைச் சாராத ஓர் ஆட்சியை முந்தைய ஆண்டிலிருந்தே திட்டமிட்டுவந்தார்கள். மூன்றே நாட்களில் ஹைன்ரிஷ் புரூனிங் சான்சலர் ஆனார்.

இங்கேதான் நீங்கள் கேட்ட அரசியலமைப்பு வருகிறது. 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பின் 48-ஆவது பிரிவு, பொது ஒழுங்குக்கு ஆபத்து நேரும்போது அவசர ஆணைகள் பிறப்பிக்கும் அதிகாரத்தை அதிபருக்கு அளித்தது. அதே பிரிவு, அந்த ஆணைகளை ரத்துசெய்யக் கோரும் உரிமையை நாடாளுமன்றத்துக்கும் கொடுத்திருந்தது. ஆகவே தடுப்பு இருந்தது. ஆனால் 25-ஆவது பிரிவு நாடாளுமன்றத்தையே கலைக்கும் அதிகாரத்தை அதிபரிடம் வைத்திருந்தது. 1930 ஜூலையில் புரூனிங்கின் நிதித் திட்டம் அவையில் தோற்றது. அது அவசர ஆணையாகப் பிறப்பிக்கப்பட்டது. ஜூலை 18 அன்று நாடாளுமன்றம் தன் உரிமையைப் பயன்படுத்தி அந்த ஆணையை ரத்துசெய்ய வாக்களித்தது. அன்றே அது கலைக்கப்பட்டது. அவை இல்லாத இடைவெளியில் ஆணை மறுபடியும் பிறப்பிக்கப்பட்டது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு அடிக்கும் சட்டத்தில் இடமிருந்தது. சேர்த்துப் பார்த்தால், நாடாளுமன்றத்தின் மறுப்புக்கு இனிப் பொருளில்லை என்று ஆயிற்று. செப்டம்பர் 14 அன்று நடந்த தேர்தலில் நாஜிக் கட்சியின் 12 இடங்கள் 107 ஆயின.

அதன்பின் நாடாளுமன்றம் தேய்ந்த வேகம் எண்களில் தெரிகிறது. 1931-இல் அவை நிறைவேற்றிய சட்டங்கள் 34, அவசர ஆணைகள் 44. 1932-இல் சட்டங்கள் வெறும் 5. ஆணைகளோ அறுபதை எட்டின. நாடு கூட்டணிகளால் ஆளப்படுவதை நிறுத்தி, எண்பது வயதைக் கடந்த ஓர் அதிபரின் நம்பிக்கையை யார் பெறுகிறார்களோ அவர்களால் ஆளப்படுவதாயிற்று. 1932 ஜூலை 20 அன்று பிரஷ்ய மாநில அரசை அன்றைய சான்சலர் பாப்பன் பதவிநீக்கம் செய்ததும் 48-ஆவது பிரிவின் பெயரால்தான். சமூக ஜனநாயகர்களின் கடைசிக் கோட்டையாக இருந்த அந்த மாநிலத்தின் பெரிய காவல்படையும் அவர்கள் கையைவிட்டுப் போனது.

ஆகவே 1933 ஜனவரியில், கொலோன் நகரில் ஒரு வங்கியாளரின் வீட்டில் பாப்பன் ஹிட்லரைச் சந்தித்துப் பேரம் பேசியபோது, நாடாளுமன்றப் பெரும்பான்மை என்பது அவர்களுக்கு ஒரு தடையாகவே தோன்றவில்லை. பழைமைவாதிகள் நிறைந்த அமைச்சரவையில் ஹிட்லரைச் சேர்த்து நாஜிகள் மூவர் மட்டுமே; அவரைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பாப்பன் நம்பினார்.

பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே முக்கியமான அடிப்படை உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டன, அதுவும் 48-ஆவது பிரிவின்கீழ். எதிர்க்கட்சியினர் சிறைகளில் அடைக்கப்பட்டு, அவர்களது பத்திரிகைகள் முடக்கப்பட்ட சூழலில் மார்ச் 5 அன்று நடந்த தேர்தலிலும் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதமே.

மார்ச் 23 அன்று குரோல் ஓபரா அரங்கில், சீருடை அணிந்த நாஜி அடியாட்கள் சூழ்ந்து நிற்க, நாடாளுமன்றம் தன் சட்டமியற்றும் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் 81 பேர் ஒருவர்கூட உள்ளே விடப்படவில்லை. எதிர்த்தவர்கள் அனைவரும் சமூக ஜனநாயகர்கள். அவர்கள் சார்பில் பேசிய ஓட்டோ வெல்ஸ், எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் பறிக்கலாம், எங்கள் மானத்தைப் பறிக்கமுடியாது என்று ஹிட்லரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். கத்தோலிக்க மையக் கட்சியின் தலைவர் லுட்விக் காஸ், ஹிட்லர் எழுத்தில் தருவதாகச் சொன்ன உறுதிமொழிகளை நம்பித் தன் கட்சியை ஆதரிக்கச் செய்தார். அந்தக் கடிதம் வரவேயில்லை. கட்சிக்குள் எதிர்த்த புரூனிங்கும் கட்டுப்பாட்டுக்கு இணங்கி ஆதரித்தே வாக்களித்தார்.

வாக்காளர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1932 ஜூலையில் நாஜிகளுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் விழுந்த வாக்குகளைக் கூட்டினால் பாதியைத் தாண்டுகிறது. குடியரசை வெறுத்தவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்கு முன்பே, தம் வாக்கு ஆட்சியைத் தீர்மானிக்கும் என்ற அனுபவம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு ஜெர்மானியர்களே பதில் எழுதியிருக்கிறார்கள். 1948-49-இல் பான் நகரில் புதிய அரசியலமைப்பை வகுத்த அவையில், 1933-இல் எதிர்த்து வாக்களித்த பவுல் லோபேயும், தயக்கத்தோடு ஆதரித்து வாக்களித்த தியோடோர் ஹாய்ஸும் இருந்தார்கள். அவர்கள் மக்களின் வாக்குரிமையைக் குறைக்கவில்லை. ஆணைகளால் ஆளும் அதிகாரத்தை அதிபரிடமிருந்து எடுத்தார்கள். நாடாளுமன்றத்தைக் கலைக்கும் உரிமையை மிகவும் சுருக்கினார்கள். ஒரு சான்சலரை வீழ்த்த விரும்பும் அவை, அதே வாக்கெடுப்பில் அடுத்தவரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்று விதித்தார்கள்.