ஆக்குபேஷனல் தெரபியும் பிசியோதெரபியும் ஒன்றா? ஆக்குபேஷனல் தெரபியால் வீட்டில் உண்மையில் என்ன மாறும்?

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு எழுத வரவில்லை, சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதம் வந்த மாமனார் நடக்கிறார், ஆனால் வலது கையால் எதையும் தொடுவதில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு பேருக்குமே டாக்டர் 'ஓ.டி. பாருங்கள்', அதாவது ஆக்குபேஷனல் தெரபி பாருங்கள் என்று சொன்னதால், கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதற்காக அலைவதில் பலன் உண்டா என்பது உங்கள் கேள்வி. நான் காவேரிப்பட்டணம் பக்கம். மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் என் அம்மாவுக்கும் தங்கை மகளுக்கும் இந்த சிகிச்சை நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன். அலையலாம், பலன் உண்டு.

அம்மாவுக்கு 2022இல் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. அதற்கு முந்தின வருடம் ஆகஸ்ட் 5ஆம் தேதிதான் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுத்தார்கள். நான்கு மாதத்தில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கையும் தோள் உயரம் வரை தூக்க வந்தது, விரல்கள் பாதி மடங்கின. இருந்தும் அந்தக் கை நாள் முழுக்க மடியிலேயே கிடக்கும். அண்ணி ஊட்டிவிடுவார், தலை வாரிவிடுவார், ரவிக்கை மாட்டிவிடுவார். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போன முதல் நாள், அவர் கையைத் தொட்டே பார்க்கவில்லை. "காலையில எழுந்ததுல இருந்து என்னம்மா செய்வீங்க, உடம்பு நல்லா இருந்தப்போ?" என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "களி கிண்டுவேன் கண்ணு. புளி தட்டுவேன். இப்போ களிகூட மருமக உருட்டி வாயில வைக்குது" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். நான்கு மாதமாக நாங்கள் யாரும் அவரிடம் இதைக் கேட்கவே இல்லை.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பிசியோதெரபி தசை, மூட்டு, நடை, சமநிலை ஆகியவற்றைத் தேற்றுகிறது. ஆக்குபேஷனல் தெரபி அப்படித் தேறிய கையை வைத்து இன்றைக்கு என்ன வேலை செய்யப் போகிறோம் என்று பார்க்கிறது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, எழுதுவது, சம்பாதிப்பது எல்லாமே அதன் கணக்கில் வரும். இரண்டும் சில இடங்களில் கலக்கும், அம்மாவுக்கு இரண்டும் தேவைப்பட்டன. இந்தத் துறை அமெரிக்காவில் 1917இல் ஒரு சங்கமாகத் திரண்டபோது நெசவு, கூடை பின்னுதல், மரவேலை போன்ற கைவேலைகளைத்தான் மருந்தாகக் கொடுத்தார்கள். முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களையும் அப்படித்தான் தேற்றினார்கள். இந்தியாவில் இதற்கான முதல் பள்ளி 1950இல் மும்பையில் வந்தது. எங்கள் அம்மாவுக்கு வாய்த்த மருந்து புளி.

நம் பக்கம் மாசி, பங்குனியில் தெருவுக்கு நாலு திண்ணையில் புளி குவிந்திருக்கும், உங்களுக்குத் தெரியும். தெரபிஸ்ட் ஒரு முறம் புளியை அம்மா முன்னால் வைக்கச் சொன்னார். முதல் வாரம் வலது கைக்கு ஒரே வேலைதான், பழத்தை நகராமல் அமுக்கிப் பிடிப்பது. இடது கை ஓட்டை உடைக்கும். அடுத்து, வலது கை விரலால் நாரைப் பிடித்து இழுக்க வேண்டும். பழம் பிசுபிசுவென்று ஒட்டுவதால் பிடி நழுவாது, விரலுக்கும் 'நான் எதையோ தொடுகிறேன்' என்று தெரியும் என்று விளக்கினார். நாலாவது வாரம் ஒரு கொட்டை வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிதுங்கி வெளியே வந்து விழுந்தது. அம்மா அதை எடுத்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

பக்கவாதத்தில் கை வராமல் போவதற்கு நரம்பு மட்டும் காரணம் இல்லையாம். முயன்று பார்த்து முடியாமல் போகப் போக, மூளை அந்தக் கையைப் பயன்படுத்தாமல் இருக்கவே பழகிவிடுகிறது. நாம் அன்பாக எல்லாவற்றையும் செய்துகொடுக்கும்போது அந்தப் பழக்கத்துக்குத்தான் துணை போகிறோம். அண்ணிக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அம்மா ரவிக்கை போட இருபது நிமிடம் ஆகும். உதவி செய்யாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது: போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். ஊக்குக்குப் பதிலாக வெல்க்ரோ தைத்தோம். வட்டில் நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. குளிக்க ஸ்டூல், கழிவறைச் சுவரில் வெல்டிங் கடையில் அடித்த கைப்பிடி. அப்புறம் ஒன்று, மாமனாரைத் தூக்கிவிடும்போது அந்த வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பலம் இல்லாத தோளில் மூட்டு இறங்கிவிடும்.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அம்மாவால் இன்றும் ஜடை பின்ன முடியாது. களி உருண்டையைத் தானே கிள்ளி, குழம்பில் தோய்த்துச் சாப்பிடுகிறார். புளி தட்டுகிறார், முன்பு செய்ததில் பாதி அளவு. அந்தக் கூலியை அவரே எண்ணி வாங்குகிறார்.

இனி உங்கள் மகன். என் தங்கை மகளுக்கும் ஆறு வயதில் இதே பிரச்சினைதான். சோம்பேறி என்று பள்ளியில் சொன்னார்கள், வீட்டில் அடியும் விழுந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனது வலிக்கிறது. தெரபிஸ்ட் பென்சிலைப் பார்ப்பதற்கு முன் அவள் காலைப் பார்த்தார். பெஞ்சில் கால் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பை நிமிர்த்தி வைக்கவே பலம் போதாத குழந்தைக்கு விரலுக்கு எங்கிருந்து பலம் வரும்? காலுக்கு அடியில் ஒரு பலகை வைத்தோம். நீளமான பென்சிலை எடுத்துவிட்டு அரை விரல் நீள சாக்பீஸ் கொடுத்தார். அவ்வளவு சின்னதை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். நோட்டை மூடிவிட்டு, சுவரில் ஒட்டிய கரும்பலகைத் தாளில் பெரிது பெரிதாக வரையச் சொன்னார். அதில் தோளும் மணிக்கட்டும் பலப்படும். சப்பாத்தி மாவு பிசைவதும், துணி காயப்போடும் கிளிப்பை அமுக்குவதும் தினசரி வேலைகளாகின.

பொத்தானுக்கு ஒரு அருமையான வழி சொன்னார். நாம் முக்கால்வாசி போட்டுவிட வேண்டும், கடைசியாக ஓட்டையில் இருந்து இழுப்பதை மட்டும் குழந்தை செய்ய வேண்டும். அது கைவந்ததும் அதற்கு முந்தின படி. இப்படிப் பின்னாலிருந்து முன்னுக்கு வரும்போது ஒவ்வொரு தடவையும் முடித்தது குழந்தைதான் என்று ஆகிறது. மூன்று மாதத்தில் அவளே சீருடை போட்டுக்கொண்டாள். கையெழுத்து தேற ஒரு வருடம் பிடித்தது.

சில குழந்தைகளுக்குக் கையில் கோளாறே இருக்காது. சட்டை லேபிள் உறுத்துவதும் மிக்ஸி சத்தமும் தாங்க முடியாமல் கத்துவார்கள். அவர்களுக்கான பயிற்சி வேறு. ஒரு பிள்ளையைத் தூளியில் ஆட்டினால் அமைதியாகும், இன்னொரு பிள்ளைக்கு அதுவே ஆகாது. அதனால் வீடியோ பார்த்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

எங்கே போவது என்றால், முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். மாமனாருக்குப் பெரிய அளவில் மறுவாழ்வுப் பயிற்சி தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையம் இருக்கிறது, 1966இல் இருந்தே நடக்கிறது. தனியாரிடம் போனால் ஓ.டி. பட்டம் படித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். பெற்றோரை உள்ளே விடாத இடமும், வீட்டில் செய்ய எதுவும் சொல்லித்தராத இடமும் வேண்டாம். வாரம் முக்கால் மணி நேரம் அங்கே, மற்றதெல்லாம் வீட்டில்தான். ஆட்டிசத்தைக் குணமாக்கிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

மாமனார் என்ன வேலை பார்த்தவர் என்று நீங்கள் எழுதவில்லை. தெரபிஸ்ட் முதலில் அதைத்தான் கேட்பார். மாந்தோப்பா, பால் கறவையா, பட்டுப்பூச்சி வளர்ப்பா? போவதற்கு முன்னால் அவரிடமே உட்கார்ந்து கேட்டு, அவர் எந்த வேலையை முதலில் சொல்கிறாரோ அதைக் குறித்துக்கொண்டு போங்கள்.