பிளஸ் டூ முடித்தவர்களுக்கு: பொறியியல் கலந்தாய்வும் முதல் செமஸ்டரும் – கேள்வி பதில்

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2007இல் நுழைவுத் தேர்வு போனதிலிருந்து ஆண்டுதோறும் எங்கள் பிள்ளைகளின் பொறியியல் கலந்தாய்வில் கூடவே இருந்திருக்கிறேன். முதலில் அவர்களை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறுவேன். 2018இல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறிய பிறகு பள்ளியின் கணினி அறையில் உட்கார்ந்தோம். கேளுங்கள். மருத்துவம் மட்டும் என் துறை இல்லை.

கேள்வி: சார், என் கட் ஆஃப் 163. பி.சி. பிரிவு. கம்ப்யூட்டர் சயின்ஸ் எந்தக் கல்லூரியில் கிடைக்கும்? (மாணவன், விழுப்புரம்)

தம்பி, கட் ஆஃபை வைத்துக் கல்லூரி தேடாதே. ரேங்க்கை வைத்துத் தேடு. உன் கணக்கு மதிப்பெண் 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு என்று சேர்த்து வருவதுதான் இந்த 163. கேள்வித்தாள் எளிதாக வந்த ஆண்டில் 163க்கு மேலே பெரிய கூட்டமே நிற்கும். கடினமாக வந்த ஆண்டில் அதே 163 உன்னை வெகுதூரம் முன்னால் கொண்டுபோய் விடும். இரண்டு ஆண்டு 163ஐ ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். தரவரிசைப் பட்டியல் வந்ததும் உன் பொது ரேங்க்கையும் பி.சி. பிரிவு ரேங்க்கையும் நோட்டில் எழுது. கலந்தாய்வு இணையதளத்தில் போன ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு எந்த ரேங்க் வரை போனது என்று பிரிவு வாரியாகக் கிடைக்கும். உன் ரேங்க்குக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தவை, உன் ரேங்க்கை ஒட்டியவை, நிச்சயம் கிடைக்கக்கூடியவை என்று மூன்று பக்கம் எழுது. இரண்டு மாலைப் பொழுது ஆகும். ஆகட்டும், நான்கு ஆண்டு படிக்கப் போகிறாய்.

இன்னொன்று. கோவை, மதுரைப் பக்கத்துப் பழைய அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பாடப்பிரிவு உதவி பெறும் இடம், சுயநிதி இடம் என்று இரண்டு விதமாக, தனித்தனியாக வரும். கட்டிடமும் ஆசிரியரும் ஒன்றுதான், கட்டணம்தான் வேறு. பட்டியலில் பெயர் ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பிரவுசிங் சென்டர் அண்ணன், 'கிடைக்கிற கல்லூரியை முதலில் போடு, பெரிய கல்லூரியை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகும்' என்கிறார். உண்மையா ஐயா? (மாணவி, அரியலூர்)

இல்லைம்மா, முழுத் தவறு. உன் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார்கள். முதல் விருப்பத்தில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதிலும் இல்லையென்றால் மூன்றாவது. மேலே பெரிய கல்லூரியைப் போட்டதால் கீழே இருப்பதை யாரும் பறிக்க மாட்டார்கள். ஆனால் கிடைக்கிற கல்லூரியை முதலில் போட்டால் அதோடு தேடல் நின்றுவிடும். அதைவிட நல்ல இடம் உனக்குக் காத்திருந்தாலும் கண்ணில் படாது.

எத்தனை வேண்டுமானாலும் போடலாம், கட்டுப்பாடு இல்லை. பத்தோடு நிறுத்தினால் அந்தச் சுற்றில் ஒன்றுமே ஒதுக்கீடு ஆகாமல் போகும் ஆபத்து உண்டு. நடுத்தர ரேங்க் இருந்தால் எழுபது, எண்பது போடு.

இப்போது நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவதைக் கேள். பாஸ்வேர்டு உன்னிடம்தான் இருக்க வேண்டும். பதிவு செய்யும் மொபைல் எண் உன்னுடையதாகவோ அப்பா அம்மாவுடையதாகவோ இருக்க வேண்டும், பிரவுசிங் சென்டர் எண்ணாக இருக்கவே கூடாது. 2021இல் எங்கள் பள்ளிப் பெண் ஒருத்தி, கூலி வேலை செய்யும் வீடு. கடைக்காரர் எண்ணில்தான் ஓ.டி.பி. வரும். நாங்கள் உட்கார்ந்து போட்ட பட்டியலில் முதலில் இருந்தது முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள அரசுக் கல்லூரி. பூட்டிய பட்டியலை, அதாவது இனி மாற்ற முடியாதபடி உறுதி செய்ததை, அச்செடுத்துப் பார்த்தால் அது பதினான்காவது. அதற்கு மேலே நாங்கள் கேள்வியே படாத சுயநிதிக் கல்லூரிகள். யார் மாற்றினார்கள் என்று நிரூபிக்க எங்களால் முடியவில்லை. அந்தத் தாள் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

கேள்வி: நீட்டில் 410. சித்தா கிடைக்குமா?

என் துறை இல்லை. சித்தாவுக்கு இந்திய மருத்துவம், ஓமியோபதித் துறையின் தேர்வுக் குழுத் தளத்தைப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து போன். 50 சதவீத ஸ்காலர்ஷிப், நாளைக்குள் 25,000 கட்டி அசல் சான்றிதழைக் கொடுத்தால் சீட் உறுதி என்கிறார்கள். கலந்தாய்வில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. (தந்தை, தஞ்சாவூர்)

பயம் புரிகிறது ஐயா. அந்தப் பயத்தைத்தான் அவர்கள் விலை பேசுகிறார்கள். 'நாளைக்குள்' என்று சொல்கிற எந்த இடத்துக்கும் பணம் கட்டாதீர்கள்.

அசல் சான்றிதழை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் விதி. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதிப்படி, குறித்த தேதிக்குள் விலகினால் 1000 ரூபாய்க்கு மேல் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் விதி ஏட்டில் இருக்கும், சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருக்கும். கலந்தாய்வில் வேறு கல்லூரி கிடைத்த நாளில் நீங்கள் அங்கே போய் நின்று கெஞ்ச வேண்டும்.

அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடும் கிடையாது. அந்த ஸ்காலர்ஷிப் முதல் ஆண்டுக்கு மட்டுமா, நான்கு ஆண்டுக்குமா, ஒரு அரியர் வைத்தால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: அக்கா பி.காம். முடித்திருக்கிறாள். எனக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. குடும்பத்தில் முதல் ஆளுக்கு மட்டும்தான்.

கேள்வி: கட் ஆஃப் 171.5, எம்.பி.சி. எந்தக் கல்லூரி கிடைக்கும்?

முதல் கேள்விக்கான பதில்.

கேள்வி: தங்கைக்குக் காரைக்குடி அரசுக் கல்லூரி கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஹாஸ்டல் வேண்டாம், வீட்டுப் பக்கத்தில் இருக்கிற கல்லூரியில் போடு என்கிறார் அப்பா. (அண்ணன், புதுக்கோட்டை மாவட்டம்)

அப்பாவிடம் வாதாடாதே, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போ. கலந்தாய்வுக்கு முன்பே ஒரு நாள் மூவரும் காரைக்குடிக்குப் போங்கள். 1952இல் தொடங்கிய கல்லூரி அது. பெண்கள் விடுதி வாசலில் நின்று, எத்தனை மணிக்கு கேட் மூடுகிறார்கள் என்று அப்பாவே கேட்கட்டும். கண்ணால் பார்க்காத இடத்துக்கு மகளை அனுப்ப எந்த அப்பாவுக்கும் மனம் வராது. பார்த்துவிட்டு மனம் மாறியவர்கள் நிறையப் பேர்.

பணம்தான் தடையென்றால், தங்கை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். இதை அப்பாவிடம் முதலில் சொல்.

கேள்வி: ஐயா, நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் மீடியம். சீட் கிடைத்துவிடும். ஆனால் இன்ஜினியரிங் இங்கிலீஷில் புரியுமா என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. பேசாமல் வேறு படிப்புக்குப் போய்விடவா? (மாணவி, கள்ளக்குறிச்சி)

போகாதேம்மா. உட்கார், விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரியில் சேர்ந்து ஒன்றரை மாதத்தில் எங்கள் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பிளஸ் டூ கணக்கில் 94. 'சார், கணக்கே புரியவில்லை, நின்றுவிடப் போகிறேன்' என்றான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் செமஸ்டரில் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' என்று ஒரு தாள். டிடர்மினன்ட், இன்வர்ஸ், ரேங்க் என்று கரும்பலகையில் இருந்ததை அப்படியே வரைந்து வைத்திருந்தான். 'அணிக்கோவை தெரியுமா?' என்றேன். தெரியும் என்றான். 'நேர்மாறு அணி? அணியின் தரம்?' எல்லாம் தெரிந்தது. அவன் 94 வாங்கிய பாடம்தான் அது, பெயர் மட்டும் மாறி வந்திருக்கிறது. அந்தப் பெயரை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டோம். இடப் பக்கம் வகுப்பில் காதில் விழும் சொல், வலப் பக்கம் நம் பாடப் புத்தகச் சொல். ஃபங்ஷன், சார்பு. லிமிட், எல்லை. டெரிவேட்டிவ், வகைக்கெழு. இயற்பியலில் யங்ஸ் மாடுலஸ், யங் குணகம். டோட்டல் இன்டர்னல் ரிஃப்ளெக்‌ஷன், முழு அக எதிரொளிப்பு. இருநூறு சொல்லுக்குள் அடங்கிவிட்டது. அவன் அந்த செமஸ்டரில் வேதியியலில் மட்டும் அரியர் வைத்தான். கணக்கில் வைக்கவில்லை.

நீ கல்லூரி திறக்கும் வரை காத்திருக்காதே. பிளஸ் டூ ஆங்கில வழிப் புத்தகம் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உன் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வை. இரண்டிலும் கணக்குகளின் வரிசை ஒன்றுதான். ஒரு நாளைக்கு நான்கு பக்கம் போதும். புதிதாக வருவது பைத்தான் போன்ற கணினி நிரல் எழுதும் தாள்தான், அது ஆங்கில மீடியம் பிள்ளைகள் பலருக்கும் புதிதுதான்.

கேள்வி அல்ல, மறுப்பு: நான் சுயநிதிக் கல்லூரியில் கணிதம் எடுக்கிறேன். வகுப்பில் தமிழில் விளக்கினால் பிள்ளைகள் கடைசி வரை ஆங்கிலத்துக்கு வரவே மாட்டார்கள். தேர்வும் வேலை நேர்காணலும் ஆங்கிலத்தில்தான். நோட்டில் கோடு போட்டுக் கொடுப்பது ஊன்றுகோல் கொடுப்பது போல. ஆசிரியர்கள் மேல் பழி போடாதீர்கள் ஐயா.

பழி போடவில்லை சார். அறுபது பேர் வகுப்பை நீங்கள் நடத்தும் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் கால் உடைந்தவனுக்கு ஊன்றுகோல் வேண்டாம் என்பீர்களா? முதல் ஆறு வாரம் மட்டும் கேட்கிறேன். ஒரு சொல்லை முதன்முதலாகச் சொல்லும்போது 'டெரிவேட்டிவ், நம்ம வகைக்கெழு' என்று ஒரே ஒரு முறை. அதற்கு எத்தனை நொடி ஆகும்?

இடையில் ஒருவர்: நான் 2010களில் கோவையில் படித்த தமிழ் மீடியம் மாணவன், இப்போது வேலையில் இருக்கிறேன். எங்கள் பேராசிரியர் தமிழிலேயே நடத்தினார். மூன்றாம் ஆண்டு வரை சந்தோஷமாக இருந்தது. நேர்காணலில் வாயே திறக்க முடியவில்லை. கணித ஆசிரியர் சொல்வதில் உண்மை இருக்கிறது சார்.

இருக்கிறது தம்பி, ஒப்புக்கொள்கிறேன். நான்கு ஆண்டும் தமிழிலேயே ஓட்டினால் நீ சொன்ன கதிதான். அதனால்தான் ஆறு வாரம் என்றேன். முதல் செமஸ்டரில் நான்கு அரியர் விழுந்த பிள்ளை மூன்றாம் ஆண்டு நேர்காணல் வரைக்கும் வந்து சேர்வதே கஷ்டம். என் கவலை அந்தப் பிள்ளையைப் பற்றியது. கணக்கு வரும், சொல் வராது. அவனோ தனக்குக் கணக்கே வராது என்று நம்பிவிடுகிறான்.

மீண்டும் கணித ஆசிரியர்: ஆறு வாரம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தொடக்கத்தில் நடத்தும் பிரிட்ஜ் கோர்ஸ் என்ற அறிமுக வகுப்பில் இதைச் செய்யத்தான் இரண்டு வாரம் ஒதுக்குகிறோம். பாதிப் பேர் வருவதே இல்லை.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, அந்தப் பாதியில் நீங்கள் இருக்காதீர்கள். மூன்றாம் சுற்றில் சேர்பவர்கள் தாமதமாக வருவதும் ஒரு காரணம் சார். அவர்களுக்கு மாலையில் ஒரு வாரம் தனியாக வைக்க முடியுமா என்று உங்கள் துறைத் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். நோட்டில் உள்ள சொற்களை நாளை தட்டச்சு செய்து தருகிறேன்.

கேள்வி: அப்படியென்றால் தமிழ் வழியிலேயே இன்ஜினியரிங் படிக்கலாமே?

அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியில் தொடங்கியது. அந்த இரண்டு பிரிவிலும் உண்மையான ஆர்வம் இருந்தால் பார். மொழிப் பயத்துக்காக மட்டும் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்காதே.

கேள்வி: கட் ஆஃப் 158. எந்தக் கல்லூரி...

தம்பி, மூன்றாவது முறையாக இந்தக் கேள்வி வருகிறது. இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன். முதல் பதிலைப் படி, ரேங்க் வந்ததும் மூன்று பக்கமும் எழுதிக்கொண்டு வா. அப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம்.

கேள்வி: முதல் சுற்றில் ஒரு இடம் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கலாமா? பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பலாமா?

காத்திருக்கலாம், திரும்ப முடியாது. 'ஏற்றுக்கொள்கிறேன், மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன்' என்பதைத் தேர்வு செய்தால், மேலே ஒன்று காலியானதும் தானாக மாறிவிடும், பழையது போய்விடும். எனவே பட்டியலில் மேலே இருப்பது ஒவ்வொன்றும் நீ நிஜமாகவே போக விரும்பும் இடமா என்று பூட்டுவதற்கு முன் பார். ஒதுக்கீடு வந்த பிறகு முடிவு சொல்ல இரண்டே நாள்தான். அந்த இரண்டு நாளும் போன் சார்ஜோடு கையில் இருக்கட்டும். ஓ.டி.பி. உன் எண்ணுக்குத்தான் வருகிறதா என்று இன்றே பார்த்துக்கொள்.

கேள்வி: எனக்கு இயற்பியல் மட்டும்தான் பிடிக்கும். பி.எஸ்சி. படிக்கிறேன் என்றால் வீட்டில் 'மார்க் இல்லாதவன் போகிற படிப்பு' என்கிறார்கள். (மாணவன், திண்டுக்கல்)

இப்படி ஒரு கேள்வி வராதா என்றுதான் காத்திருந்தேன். இயற்பியலில் எது பிடிக்கும்? கணக்குப் போடுவதா, செய்முறையா? பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் நிறமாலைமானியை நீயே சரி செய்தாயா, பக்கத்து மேசைக்காரன் அளவீட்டைப் பார்த்து எழுதினாயா? நீயே செய்து, கோணம் சரியாக வந்தபோது மனம் குளிர்ந்தது என்றால் தயங்காமல் பி.எஸ்சி. போ. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தேதியைத் தவற விடாதே. மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு எழுதினால் எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. வாசல் திறந்திருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது.

வீட்டில் என்னோடு பேசச் சொல். ஞாயிறு மாலை வீட்டில்தான் இருப்பேன்.