சில்லர் தண்ணீர்ப் பம்ப்: கேள்வி பதில்

கல்முனையிலிருந்து: அண்ணன், நாலு மாடிக் கடைத்தொகுதி, 100 தொன் சில்லர். கட்டட உயரம் 16 மீற்றரையும் சேர்த்து 45 மீற்றர் ஹெட் உள்ள பம்ப் கேட்டிருக்கிறோம். சரியா?

சரியில்லை தம்பி. ஹெட் என்பது பம்ப் தண்ணீரைத் தள்ளும் அமுக்கம், மீற்றரில் சொல்வது. அதிலிருந்து அந்த 16 மீற்றரை எடுத்துவிடுங்கள். சில்லர் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம்) தண்ணீர் மூடிய சுற்றில் ஓடுகிறது. ஏறும் தண்ணீரின் பாரத்தை இறங்கும் தண்ணீர் ஈடுசெய்துவிடும். பம்ப் வெல்ல வேண்டியது குழாய், வால்வு, கொயில் (காற்றைக் குளிராக்கும் குழாய்ச் சுருள்), சில்லர் ஆகியவற்றின் உராய்வை மட்டும்தான். பம்பின் உறையும் குழாயும் எவ்வளவு அமுக்கம் தாங்கும் என்று பார்க்கும்போது உயரத்தைச் சேருங்கள், அது வேறு கணக்கு.

100 தொன் என்றால் 352 கிலோவாற் குளிர்ச்சி. 7 பாகையில் போய் 12 பாகையில் திரும்பினால் செக்கனுக்கு 17 லீற்றர் போதும். பம்பின் வினைத்திறன் 70 வீதம் என்று வைத்தால் 45 மீற்றருக்கு 10.7 கிலோவாற் வேண்டும், 29 மீற்றருக்கு 6.9. அந்த 29க்குள்ளும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று டிசைன் செய்தவர் கொஞ்சம், கொன்ட்ராக்டர் கொஞ்சம் கூட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழியுங்கள். பெரிய பம்பை வாங்கினால் பிறகு வால்வை நெரித்தே ஓட்ட வேண்டிவரும். வால்வில் வீணாகும் கரண்டுக்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும்.

பாசிக்குடா ஹோட்டலிலிருந்து: சேர், ஒரே மாதிரி இரண்டு பம்ப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கு. ஒன்று ஓடினால் 20 லீற்றர் வருது, இரண்டையும் போட்டால் 27தான். ஒன்று பழுதா?

இரண்டுமே நல்ல பம்ப்தான். அதே குழாயில் இரண்டு மடங்கு தண்ணீர் போக நாலு மடங்கு ஹெட் வேண்டும். அதனால் இரண்டாவது பம்ப் ஒருபோதும் முழுப் பங்கைக் கூட்டாது. இதில் உங்களுக்கு லாபமும் இருக்கு: ஒரு பம்பே முக்கால்வாசித் தண்ணீரைத் தருகிறது. நவம்பருக்குப் பிறகு மழையும் வாடைக்காற்றும் வந்து அறைகள் வெறுமையாகும் காலத்தில் ஒன்றே காணும். தனியே ஓடும்போது ஒரு பம்ப் கூடுதல் தண்ணீர் தள்ளுவதால் மோட்டர் அதைத் தாங்குமா என்று அம்பியரை அளந்து பாருங்கள். விஎஃப்டி (மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பூட்டினால் இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். ஒன்றை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் விட்டால் மெதுவான பம்பால் திரும்பா வால்வைத் திறக்க முடியாது. உள்ளே இருக்கிற தண்ணீரையே கலக்கிச் சூடாகும்.

சம்மாந்துறையிலிருந்து: நானா, விஎஃப்டி போட்டும் பில் குறையல்லையே?

வேகத்தை 80 வீதத்துக்குக் குறைத்தால் மின்வலு ஏறக்குறையப் பாதியாக வேண்டும். உங்களுக்கு வேகமே இறங்கவில்லை என்று நினைக்கிறேன். முதலில் ஏஎச்யூ (கொயிலில் காற்றைக் குளிராக்கி அறைகளுக்கு அனுப்பும் பெட்டி) வால்வுகளைப் பாருங்கள். மூன்று வழி வால்வு என்றால் கொயிலுக்கு வேண்டாத தண்ணீர் பைபாஸில் சுற்றிக்கொண்டே இருக்கும், பம்புக்குத் தேவை குறைந்ததே தெரியாது. இரண்டு வழி வால்வாக மாற்றுங்கள். சில்லருக்குத் தேவையான குறைந்தபட்ச ஓட்டத்துக்கு மட்டும் ஒரு பைபாஸ் இருக்கட்டும். அடுத்து, அமுக்க வித்தியாச சென்சர் பம்ப் வாயிலில் இருந்தால் அதைக் கடைசிக் கொயிலுக்குக் கொண்டுபோங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் விஎஃப்டியைக் குறை சொல்லக்கூடாது.

அக்கரைப்பற்றிலிருந்து: கூலிங் டவர் (சில்லரின் சூட்டை வெளியே விடும் கோபுரம்) பம்பில் கல் உருள்வது போலச் சத்தம்.

உறிஞ்சும் பக்கத்தில் அமுக்கம் போதாமல் குமிழி உடைகிற சத்தம் அது. முதலில் ஸ்ட்ரெய்னரை (குப்பையைத் தடுக்கும் வடி) கழுவுங்கள். ரெடியூசரின் (பெரிய குழாயைச் சின்ன வாயோடு சேர்க்கும் துண்டு) தட்டையான பக்கம் மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் காற்று தங்கும். இரண்டும் சரியாக இருந்தும் சத்தம் நிற்காவிட்டால் பம்பை டவர்த் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு நன்றாகக் கீழே இறக்கத்தான் வேண்டும்.